ஃபலேசியின் சுவர் கோணல்

ஃபலேசி எந்தச் சுவரைக் கட்டினாலும் கோணல் என்பான் சிஷிம்பா. அவள் கொத்துக் கரணை பிடித்த நாள் முதல் அதையேதான் சொல்கிறான். கட்டட வேலை கற்றுக்கொடுக்க வடக்கிலிருந்து வந்த பெம்பா இனத்துக்காரன் அவன். அவள் கதேதே ஊர்ப் பக்கத்து ங்கோனி இனத்துக்காரி. இரண்டு கூட்டமும் பாட்டன்மார் காலத்தில் வெட்டிக்கொண்டு செத்தவை. வெட்டுவதை விட்டபிறகு வசவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கேலி முறை. ங்கோனியைப் பார்த்த பெம்பா திட்டாமல் போனால், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

"ஏ எலிதின்னி, என்ன சுவரு இது? குடிகாரன் வீட்டுக்குப் போற மாதிரி போகுது."

"கொரங்கு தின்னவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். மரத்தை விட்டு இறங்கி வந்து பாரு."

கூடப் படிக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அவள் சுவர்கள் நேராகத்தான் இருக்கும். கேலியே அதுதான்.

அவள் புருஷனைப் புதைத்த அன்றுதான் அவனை முதலில் பார்த்தாள். கேலி முறைக்காரன் என்ற உரிமையில் சிஷிம்பா குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டான். "நல்லா குளுகுளுன்னு இருக்கு. நான் எந்திரிக்கிறதா இல்ல. உங்காளை வேற எங்கயாச்சும் கொண்டுபோங்க." அழுதுகொண்டிருந்தவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்துவிட்டாள். மேலே ஏறி வந்தவன், "இனிமே என்ன செய்யப் போற? கரி சுட்டுப் பொகையிலயே சாகப் போறியா, வந்து கரணை பிடிக்கிறியா?" என்று கேட்டான். காரியம் முடிந்ததும் வந்து சேர்ந்தாள்.

இன்று தேர்வு. ஊர்ப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும். ஆளுக்கொரு சுவர். மறைவிடம் இல்லாததால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வீட்டிலேயே கிடந்தார்கள். ஃபலேசியின் மகளும் அப்படித்தான். மதியம் சிப்பாட்டா நகரிலிருந்து தேர்வு அதிகாரி அம்மாள் வந்து சுவரைப் பார்ப்பாள். கதவு நிலை வைக்கும் உயரம்வரை ஏறியிருக்க வேண்டும், நேராக நிற்க வேண்டும். தேறினால் சான்றிதழ், அடுத்து ஆசிரியர் வீடுகள் கட்டும் வேலை. தேறாவிட்டால் கரிமூட்டம்.

முற்பகலில் இன்னும் இரண்டு வரி செங்கல்தான் பாக்கி. ஃபலேசிதான் எல்லோருக்கும் முன்னால் இருந்தாள்.

"கோணல்," என்றான் சிஷிம்பா, பின்னாலிருந்து.

"போ, போய் வாழைப்பழம் உரி."

"எலிதின்னி, நெசமாத்தான் சொல்றேன். கோணல்."

"நீ என்னைக்கு நேருன்னு சொன்ன?"

எனெலெசி என்ற தோழி கலவையைக் கொட்டிவிட்டுச் சிரித்தாள். ஃபலேசி அடுத்த செங்கல்லை வைத்தாள். அவன் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஃபலேசி அம்மா," என்றான். "தயவுசெஞ்சு தூக்குக்குண்டைப் போட்டுப் பாருங்க."

எல்லாக் கரணைகளும் நின்றன. குழிக்குள் படுத்து வம்பளந்தவன் அவளுக்கு மரியாதை கொடுக்கிறான். பாதிச் சுவருக்கு மேல் தூக்குக்குண்டு போடவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணே போதும் என்றிருந்தாள். திமிர்.

நூலை விட்டாள். மேலே செங்கல்லைத் தொட்ட நூல் கீழே இரண்டு விரல் விலகி நின்றது. சுவர் வெளியே சாய்ந்திருந்தது. மழைக்காலத்தில் ஏதாவது ஒரு பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கும்போது விழும்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கத்தினாள்.

"சொல்லிட்டுத்தானே இருந்தேன்."

"நேரான சுவரையெல்லாம் கோணல்னா, உன் வாயை எவ நம்புவா?"

சிஷிம்பா நியாயந்தான் என்பதுபோல் தலையை ஆட்டினான்.

பாதிவரை இடித்தாள். ஈரக் கலவையைச் சுரண்டிவிட்டு மறுபடி முதல் வரியை வைத்தபோது சாலையில் புழுதி தெரிந்தது. அம்மாளின் வண்டி.

தேர்வு விதிப்படி சுவரில் அவளைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் வந்த விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்பவும் கூடாது. எனெலெசி கரணையைக் கழுவி வைத்துவிட்டு வண்டிக்கு நேரே போனாள்.

"வாங்கம்மா. முதல்ல சாப்பாடு. கோழி அடிக்கணும்."

"சுவரைப் பாத்துட்டுச் சாப்பிடறேனே."

"வெறும் வயித்தோட பாத்தா எங்க ஊருக்குக் கேவலம்மா."

கோழியைப் பிடிக்க நான்கு பெண்கள் ஓடினார்கள். ஊரிலேயே மெதுவான நொண்டிக் கோழி அது. பள்ளியைச் சுற்றி இரண்டு தரம் ஓடியது. பிடிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு தரம் அதன் மேலேயே விழுந்து நழுவவிட்டார்கள். அம்மாள் நிழலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப வேகமான கோழிதான்," என்றாள்.

"காட்டுப் பக்கம் வளந்ததும்மா," என்றான் சிஷிம்பா, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு.

அம்மாள் சுவர்ப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியை அதற்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

கோழி அடுப்பேறியது. விறகு ஈரம் என்றார்கள். ஈரம் ஒன்றுமில்லை. ஃபலேசி யார் பக்கமும் திரும்பவில்லை. ஒவ்வொரு வரிக்கும் குண்டு போட்டாள், மட்டம் பார்த்தாள். அவசரப்பட்டால் மறுபடி சாயும். சிஷிம்பா அவள் கண்ணில் படாத இடமாகப் போய் நின்றான்.

விருந்தாளிக்கென்று எடுத்து வைக்கும் கோழி ஈரலைத் தட்டில் கொண்டுவந்தார்கள். அம்மாள் மெதுவாகத்தான் மென்றாள். மாவுக்களியை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். கை கழுவி, இடுப்பில் சுற்றிய துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தபோது ஃபலேசி கடைசி வரியின் மூலைக்கல்லைத் தட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாள் சுவரருகே போனாள். குண்டை விட்டாள். மூன்று இடத்தில் விட்டாள். நூல் மேலிருந்து கீழ்வரை செங்கல்லை உரசிக்கொண்டே தொங்கியது. மேல்வரியின் கலவையை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்தது.

"இது இன்னும் காயலியே."

"காலையில கட்டினது கோணலாப் போச்சும்மா. இடிச்சிட்டேன்."

"எத்தனை பேரு இடிக்காம விட்டுடறாங்க தெரியுமா?" என்று சலித்துக்கொண்டாள் அம்மாள். "தேறிட்ட. நாளைக்கு வரைக்கும் யாரும் இதுமேல சாயாம பாத்துக்க."

ஃபலேசி அப்படியே செங்கல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். பசித்தது. சட்டியில் கழுத்தெலும்பும் குழம்பும்தான் மிச்சம். சிஷிம்பா களித் தட்டை அவள் மடியில் வைத்தான். அவள் கைகளில் கலவை அப்பியிருந்ததால் அவனே சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினான், கலவை முழுக்கப் போகிறவரை. பள்ளியின் தலைமையாசிரியை வந்து, கதவு நிலை எப்போது வைப்பீர்கள் என்று கேட்டாள்.

"சாப்பிட்டுட்டு," என்றாள் ஃபலேசி.