பனிப்புயலில் பக்கத்து வீடு

பனிப்புயல் மின்கம்பியை அறுத்துப்போட்டதில் ஹொக்கைடோவின் அந்தக் கடலோர ஊரே இருண்டு கிடந்தது. எல்லாமே மின்சாரத்தில் ஓடும் மிஹோகோவின் புது வீட்டில், தரையைச் சூடாக்கும் கருவியும் உயிரை விட்டிருந்தது. மூன்று கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள் அவள். பக்கத்து வீட்டு புசாயேயின் சன்னலில் மட்டும் செக்கச்செவேலென்று வெளிச்சம். சிரிப்புச் சத்தம் வேறு. "சும்மா எட்டிப் பாத்துட்டு வர்றேன்" என்று போன புருஷன் தெட்சுயாவும் அங்கேயே ஒட்டிக்கொண்டான்.

மண்ணெண்ணெய் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் அவள் கடந்துபோகும் வீடு அது. இப்போது வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் உடம்பு சூடாகவில்லை என்பதுதான் கொடுமை.

கடைசியில் நாலு மோச்சி அரிசிக் கட்டிகளை எடுத்துக்கொண்டு, சுட்டுத் தரச் சொல்லும் சாக்கில் போனாள்.

"வாங்க, வாங்க! உங்க வீடா நெனச்சுக்கோங்க" என்றாள் புசாயே.

கூடத்தின் நடுவில் மண்ணெண்ணெய் ஹீட்டர் தகதகத்தது; சுற்றிலும் அக்கம்பக்கத்தார். மேலே கெட்டில் கொதித்தது. ஹீட்டரின் இடது பக்கம் ஒரு நெளிசல். தங்கள் பழைய வீட்டு மாடிப்படியில் அதை உருட்டிவிட்டவளே மிஹோகோதான். புருஷனை முறைத்தாள்.

"புது வீட்டுக்கு இந்தக் கருமம் வேணாம், தூக்கிப் போடுன்னு நீதானே சொன்னே?" என்றான் தெட்சுயா. "நல்லா எரியுறத எப்படிப் போடறது? இவங்களுக்குக் குடுத்துட்டேன்."

"தங்கமான ஹீட்டர்" என்று புசாயே அதைத் துணியால் துடைத்தாள்.

சட்டென்று விளக்குகள் எரிந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். தெட்சுயா எழுந்தான். "வா, போலாம்."

"நீங்க போங்க." ஹீட்டருக்கும் புசாயேவுக்கும் நடுவே நகர்ந்து உட்கார்ந்தாள் மிஹோகோ. "நான் என் ஹீட்டரோட கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."