அலாரத்துக்குப் போட்ட தொப்பி

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, லண்டனின் மிச்சம் பகுதியில் தவநாயகியின் வீடு கலியாண வீடு மாதிரி அமளிப்பட்டது. வரப்போவது மாப்பிள்ளை வீட்டாரல்ல, லண்டன் நடுவே சிற்றி என்கிற வியாபாரப் பகுதியில் இருக்கிற ஓர் இன்சூரன்ஸ் கம்பனியின் ஆட்கள். நோயாளிகள் இருக்கிற வீடுகளுக்குத் தங்கள் லீவு நாளில் வந்து, நெருப்புப் பிடித்தால் தப்பி ஓடுவதற்கு ஏற்றமாதிரி வீட்டைத் திருத்திக் கொடுப்பார்களாம். சதம் செலவில்லையாம். கவுன்சில் போன கிழமை கடிதம் போட்டிருந்தது.

கணவர் தியாகராஜாவுக்குத் தொண்ணூற்றோராம் ஆண்டு முள்ளந்தண்டில் ஒப்பரேசன். அதன்பிறகு நாலு கால் பிறேமைப் பிடித்துத்தான் நடை. தவநாயகி டூட்டிங் கடை ஒன்றுக்கு வடையும் மரக்கறி ரோல்ஸும் பொரித்துக் கொடுத்துக் குடும்பத்தைக் கொண்டுபோனாள். ஆகவே வாசல் நடையில் எண்ணெய் டின்கள், மட்டைப்பெட்டிகள், மாமூட்டைகள். பின்கதவை மறித்துக்கொண்டு ஒரு பெரிய பிறீசர். ஒரு பொறி விழுந்தால் அந்த மனிசனின் கதி என்ன? அதற்காகத்தானே அவர்கள் வருகிறார்கள்!

ஆனால் எங்கள் சனத்தைத் தெரியுந்தானே? வெள்ளைக்காரன் வீட்டுக்கு வருகிறான் என்றால் உதவியாவது மண்ணாவது, முதலில் வீடு துப்புரவாக இருக்கவேண்டும்! தவநாயகி மட்டைப்பெட்டிகளை மேல் அறைக்குள் அடைத்தாள். எண்ணெய் டின்களைக் குளிக்கிற தொட்டிக்குள் அடுக்கித் திரையை இழுத்துவிட்டாள். பிறீசருக்கு மேசைவிரிப்புப் போட்டுப் பூச்சாடியும் வைத்தாள்.

"இஞ்சாரும், அவையள் எங்களுக்கு உதவி செய்யவெல்லோ வருகினம்?" என்றார் தியாகராஜா.

"நீங்கள் சும்மா இருங்கோ. வீடு கிடக்கிற கிடையைப் பாத்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?"

பத்து மணிக்கு வந்தார்கள். பெரியவர் ஜெஃப் என்ற மனேஜர். கூட நாலைந்து பேர், அதில் ஒருத்தி டொலறஸ், மன்னார்ப் பிள்ளை, அந்தக் கம்பனியிலேயே வேலை. ஜெஃப் ஏணியில் ஏறி நடைக் கூரையில் புகை அலாரத்தைப் பூட்டினார். வீட்டைச் சுற்றிப் பார்த்து, "வேறு உதவி ஒன்றும் தேவையில்லை" என்று கொண்டுவந்த போம் தாளில் எழுதினார். எட்டு ரோல்ஸ் சாப்பிட்டார். அடுத்த தெருவுக்குப் போகிற அவசரத்தில் ஏணியை மறந்துவிட்டுப் போனார்.

ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கடைக்காரனுக்கு இருநூறு வடை கொடுக்க வேண்டும். முதல் ஈடு எண்ணெய்க்குள் விழுந்ததும் அலாரம் கத்தத் தொடங்கியது. தவநாயகி ஸ்டூலில் ஏறி, குளிக்கையில் தலை நனையாமல் போடுகிற பிளாஸ்ரிக் தொப்பியை அதன் மேல் இழுத்து மாட்டினாள். சனியன் அடங்கியது.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. கதவு இரட்டைப் பூட்டு. கள்ளருக்குப் பயந்து திறப்பைச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். தேடி எடுத்துத் திறந்தால், ஏணி எடுக்க வந்த டொலறஸ்! நடையைப் பார்த்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"என்னக்கா, அலாரம் குளிக்கப் போகுதோ?"

தவநாயகிக்கு முகம் செத்துப்போனது. "பிள்ளை, அது… தூசி படாமல்…"

டொலறஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அடுப்பை நிற்பாட்டிவிட்டு, கைமணிக்கூட்டைப் பார்த்தாள். "அக்கா, இப்ப நெருப்பெண்டு நினையுங்கோ. கதவைப் பூட்டித் திறப்பைப் பழைய இடத்தில வைச்சுப்போட்டு, அண்ணையை வெளியில கூட்டிக்கொண்டு வாங்கோ பாப்பம்."

"உதென்ன பெரிய வேலையே?" என்று தவநாயகி புறப்பட்டாள்.

பிறேம் எண்ணெய் டின்னுக்கும் மாமூட்டைக்கும் இடையில் இறுகியது. ஒன்றை இழுக்க மற்றது சரிந்தது. பின்கதவுப் பக்கம் திரும்பினால் பிறீசர். அவசரத்தில் கைக்கு வந்த திறப்பும் கீழே விழுந்து பெட்டிகளுக்குள் போய்விட்டது. வெளியே வந்து சேர ஏழு நிமிடம்.

தியாகராஜா வாசலில் நின்று மூச்சு வாங்கினார். "நீ கடைக்குச் சாமான் குடுக்கப் போற நேரமெல்லாம் நான் உள்ளுக்குக் கிடந்து பயந்தனான், தவம். ஏதும் எண்டால் என்னால வெளியில வர ஏலாது. உனக்கு வேலைப் பாரம் எண்டு சொல்லேல்லை."

தவநாயகி அப்படியே படியில் இருந்து அழுதுவிட்டாள். பெட்டியை ஒளிக்க அவளுக்கு மூன்று மணித்தியாலம் இருந்தது. அவர் தப்ப வழி விட ஒரு நிமிடம் இருக்கவில்லை.

"கூப்பிடு பிள்ளை, அவையளை" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்ரை வீட்டை வடிவாப் பாக்கட்டும்."

ஜெஃப் சிரித்தபடியே திரும்பி வந்தார். எண்ணெய் டின்கள் கோடிப்புறக் கொட்டிலுக்குப் போயின. நாலு பேர் மூச்சுப்பிடித்துப் பிறீசரை நகர்த்தினார்கள். மட்டைப்பெட்டிகள் கம்பனி வான் வண்டியில் ஏறின. அலாரம் குசினிப் புகை எட்டாத மாடிப்படியடிக்கு மாறியது. திறப்புக்குக் கதவோரம் ஓர் ஆணி. மறுபடி நேரம் பார்த்தார்கள். ஐம்பது செக்கனில் தியாகராஜா தெருவில் நின்றார். எதிர்வீட்டு வெள்ளைக்காரி விஷயம் தெரியாமலே கை தட்டினாள்.

உள்ளே ரெலிபோன் அடித்தது. அடுத்த தெருக் கனகவல்லி, சுகமில்லாத தாயோடு இருக்கிறவள். பின்னேரம் அவள் வீட்டு முறை.

"தவமக்கா, எல்லாத்தையும் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டன். வீடு பளபளக்குது. வரட்டும் பாப்பம்!"

"எடியே விசரி!" தவநாயகி போட்ட சத்தத்தில் ஜெஃப்பே திரும்பிப் பார்த்தார். "தள்ளின எல்லாத்தையும் இப்பவே வெளியில இழுத்துப் போடு. வாறவைக்குக் காட்டுற வீடு வேற, நாங்கள் சீவிக்கிற வீடு வேற. நெருப்பு வந்தால் சீவிக்கிற வீட்டுக்குத்தானடி வரும்! உதவி செய்ய வாறவைக்கு முன்னால குறையை ஒளிச்சால், பிறகு ஆர் எங்களைக் காப்பாத்துறது?"