ஸ்பாஞ்சும் பால்பவுடர் டின்னும்

புதன்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் மனைவி குணசுந்தரி, செருப்பைக்கூடக் கழற்றாமல், டிபன் பாக்ஸை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

மோந்தேன். காலையில் நான் கழுவி, நான் துடைத்து, நானே எலுமிச்சை சாதம் அடைத்துக் கொடுத்த பாக்ஸ். சாதம் ஒரு வாய்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது. எலுமிச்சை வாசனைக்கு அடியில், மழையில் நனைந்த நாய் பக்கத்தில் வந்து படுத்ததுபோல ஒரு நாற்றம்.

"நாலு பேர் எதிர்ல தெறந்தேன். அப்டியே மூடிட்டேன். நாளையிலருந்து நானே கழுவிக்கிறேன். நீங்க வுட்டுடுங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள். நான் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடியபோது எனக்கு முப்பத்தாறு வயது. அப்போதும் யாரும் கோபித்துக்கொண்டு எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. பிறகு பெங்களூரில் இருபது வருஷம் வாட்ச்மேன் வேலை. முழங்கால் ஓய்ந்துபோனதும் அதுவும் நின்றது. இந்தப் பாத்திரம் கழுவுகிற வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. விடியற்கால ரயிலைப் பிடித்து ஒயிட்ஃபீல்டு தையல் கம்பெனிக்குப் போகிறவள், வந்தும் தொட்டியில் குனிந்து நிற்பதைப் பார்த்து நானாக எடுத்துக்கொண்டது. மூன்று வருஷத்தில் ஒரு நாள் லீவு இல்லை. முதலில் டம்ளர், பிறகு தட்டு, எண்ணெய்ச் சட்டி கடைசி. சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் வீட்டு வரிசையான ஸ்கெலட்டன் லைனுக்கு ஆறு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் லாரி. அந்தத் தண்ணீரில் ஒன்றரை பக்கெட்டுக்குள் ஒரு நாள் பாத்திரம் முழுவதையும் முடிக்கிற ஆள் இந்த வரிசையில் நான் ஒருவன்தான். அதை என்னிடமிருந்து அவள் வாங்கிக்கொள்ளப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமை வரிக்கும் டைம் குடு" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"எதுல நாறுதுன்னு கண்டுபுடிச்சி நிறுத்திக் காட்றேன்."

"சரி, ஞாயிறு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

வியாழக்கிழமை அவள் போனதும் ஆரம்பித்தேன். முதல் சந்தேகம் லாரித் தண்ணீர் மேல். ஒரு டம்ளரில் பிடித்துத் தட்டால் மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து மோந்தேன். ஒன்றும் இல்லை. பிறகு சோப்பு, துடைக்கிற துணி, அலமாரிப் பலகை, சாக்கடை ஓட்டை என்று ஒவ்வொன்றாக மோந்து வந்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூக்குத் தெளிய வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு கொர்னேலியஸ் மதில்மேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னோடு ஒரே கேஜில், அந்தக் கூண்டு லிப்டில், பத்து வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கியவன்.

"இன்னா சின்னசாமி, வூட்ல கேஸ் லீக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். உள்ளே வந்தான். மிச்சம் இருந்தது ஜன்னலோரத்தில் இருந்த பால்பவுடர் டின் ஒன்றுதான். மூடியை நெம்பினேன். கொர்னேலியஸ் இரண்டடி பின்னால் போனான்.

"யேசுவே! இன்னாடா வெச்சிகிற அதுல?"

"ஸ்பாஞ்சு."

"ஸ்பாஞ்ச எதுக்குடா டின்னுல போட்டு மூடற?"

எதற்கு என்று அதுவரை நான் யோசித்ததில்லை. சுரங்கத்தில் வேலை முடிந்தால் சாமான் பெட்டிக்குள் போகவேண்டும், பெட்டி மூடவேண்டும். வெளியே விட்டால் அடுத்த ஷிப்ட் ஆள் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதைத்தான் அவனிடமும் சொன்னேன்.

"உன் ஸ்பாஞ்ச எந்த ஷிப்ட்காரன்டா தூக்கிகினு பூடுவான்? நாறிப்போனத தூக்கிக் கடாசிட்டு புதுசு வாங்கு."

"புதுசும் அதே டின்னுலதான போவும்? காரணம் தெரியாம எத மாத்தி இன்னா பிரயோசனம்?" என்றேன். அவன் போனபிறகும் சிரிப்புச் சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். பழுப்புத் தண்ணீர் வந்தது, கூடவே சோற்றுப் பருக்கையும் ஒரு கடுகும். எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். எலுமிச்சை தேய்த்த நாய் வாசனை வந்தது. பழைய கிண்ணத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு ஸ்பூன் சோடா உப்பு போட்டு, அதில் ஐந்து நிமிஷம் ஸ்பாஞ்சை அமுக்கி வைத்தேன். மேலே சாம்பல் நிறத்தில் எண்ணெய் மிதந்தது. பிழிந்து, வினிகர் விட்ட தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி அலசி, மறுபடி பிழிந்தேன். அந்தச் சுடுதண்ணீரையும் வீணாக்காமல் சாக்கடை ஓட்டையில் ஊற்றினேன். ஸ்பாஞ்சு மதியம் முழுவதும் வெயிலில் கிடந்தது. சாயங்காலம் மோந்தபோது வெறும் வெயில் வாசனைதான்.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி நாற்றம்.

கொஞ்சமாகத்தான். ஆனால் அதே நாய். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. எங்கே தப்பு என்று தேடிக்கொண்டு நின்றபோதுதான் கையில் டின்னின் மூடி இருப்பதைப் பார்த்தேன். ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரம் முடிந்ததும் என் கை என்னைக் கேட்காமலே ஈர ஸ்பாஞ்சை உள்ளே போட்டு மூடியிருக்கிறது. காற்றுப் போகாத இடத்துக்குள் ஆளை அனுப்பக்கூடாது என்று சுரங்கத்தில் எத்தனை புதுப் பையன்களை நான் தடுத்திருக்கிறேன்! என் வீட்டுக்குள் ஸ்பாஞ்சை நானே தினமும் அப்படி அடைத்து வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். டின்னைத் தேய்த்துக் காயவைத்து அதில் வற்றல் மிளகாயைக் கொட்டி வைத்தேன், கை மறந்து திறந்தாலும் மிளகாய் நினைவுபடுத்தட்டும் என்று. ஜன்னல் கம்பியில் துணி கிளிப்பால் ஸ்பாஞ்சைத் தொங்கவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பருக்கை போக அலசி, சொட்டு நிற்கும்வரை பிழிந்து, கிளிப். சனிக்கிழமை இரண்டு தடவை கை டின்னிடம் போய்த் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் குணசுந்தரி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். ஸ்பாஞ்சைக் கழற்றி மூக்கருகே வைத்தாள். திருப்பி வைத்து அந்தப் பக்கமும் மோந்தாள். நான் மோர்ச் சோற்றில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். தன் தட்டைத் தொட்டியில் போட்டாள், கழுவாமல். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பையிலிருந்து தன் பாக்ஸை எடுத்தாள், காலியாக இருந்தது. பிறகு இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். மூடியில் புள்ளி புள்ளியாகக் கொத்தி ஷோபா என்று எழுதியிருந்தது.

"கூட வேலை செய்யறவ. எத்தினி தேச்சாலும் வாடை போவலயாம். எங்க வூட்டுக்காரர் பாப்பார்னு சொல்லிட்டேன்."

"எப்ப வேணுமாம்?"

"நீங்க சொல்ற அன்னிக்கி."

பாக்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். திறந்து மோந்தேன். சாம்பார், அதற்கடியில் எண்ணெய், அதற்கும் அடியில் ஏதோ ஒன்று. மூடியின் உட்புறம் சுற்றிலும் கறுத்துப்போன ரப்பர் வளையம் இருந்தது. ஒரு ஓரத்தில் நகத்தை விட்டு மெல்ல நெம்பினேன். அது பள்ளத்தை விட்டு, விரல் நீளம் விரல் நீளமாக, மேலே எழும்பி வந்தது. அடியில் ஈரப் பிசுக்கு, அதே நாய்.