நொயல் கேட்ட சத்தம்

1.
இந்தக் கதை எனக்கு உயிர்த்த ஞாயிறன்று, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் டண்டினொங் நகரில், நொயல் வீட்டுக் குசினியில் கிடைத்தது. நொயல் மன்னாரான். தவக்காலம் முழுக்க இறைச்சி தொடாதவன். செபக்குழுவுக்கே தான் வேட்டையாடும் மரைமான் கறி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். மேசைக்கு வந்ததோ ஆட்டுக்கறி.

"ஒண்டும் கண்ணில படேல்லை," என்றான்.

அவன் மனைவி மாக்கிறேட் என்னைக் குசினிக்குள் இழுத்தாள். "பொய் அக்கா. நேற்றுச் சுட்டவர். வந்ததிலயிருந்து ஒண்டும் சாப்பிடுறாரில்லை."

வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது. நொயலோடு வேட்டைக்குப் போயிருந்த நரேனைப் பிடித்து மிச்சத்தைக் கேட்டேன்.

2.
தொடக்கம்: மலைமுகட்டில் மாலை மெல்ல

[வேண்டாம். அந்த மலையை நான் கண்டதேயில்லை.]

மறுபடி: நொயல் துவக்கோடு குப்புறப் படுத்திருக்கிறான். பக்கத்தில் நரேன். முன்னால் ஆழமான பள்ளம். அக்கரைச் சரிவில் ஒரு மரை. அறுநூறு மீற்றர்.

அவ்வளவு தூரத்துக்கு இரண்டு காற்றைக் கணக்கிட வேண்டுமாம்: கன்னத்தில் படுவது ஒன்று, பள்ளத்துக்குள் ஓடுவது மற்றது. துவக்கு ரவை, அந்தச் சின்னக் குண்டு, போய்ச்சேர ஏறக்குறைய ஒரு விநாடி. அதற்குள் மரை ஒரு அடி வைத்தால்? நொயல் சுட்டுப் பழகியது கடதாசி இலக்கில். கடதாசி நடக்காது.

(எழுதுவதும் சுடுவதும் ஒன்றென்று இங்கே ஒரு பந்தி இருந்தது. கெட்டித்தனமாகத் தெரிந்தது. அழித்துவிட்டேன்.)

கிட்டப் போகலாம். ஆனால் இருட்டப் போகிறது, நாளை உயிர்த்த ஞாயிறு. சுட்டான். மரை துள்ளிப் புதருக்குள் மறைந்தது.

"மிஸ் அண்ணை. இருட்டுது, வாங்கோ போவம்," என்றான் நரேன்.

3.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் காற்றை நொந்துகொண்டேன். குறி தவறியது, மரை தப்பியது என்று எழுதி நொயலுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அந்த வரியிலேயே அவன் இடைமறித்தான்.

"நரேன் காதை மூடியிருந்தவன் அக்கா. நான் மூடேல்லை. ரவை உடம்பில பட்டால் 'தொப்' எண்டு ஒரு சத்தம் திரும்பி வரும். வந்தது."

"பிறகேன் போய்ப் பார்க்கேல்லை?"

"போய்ச்சேரேலாத இடத்துக்குச் சுடக்கூடாதெண்டுதான் துவக்குப் பழக்கினவை சொல்லித் தந்தவை. அவன் மிஸ் எண்டான். நானும் ஓமெண்டிட்டன்."

பிறகு அவனே, "கதையிலயாவது நான் இறங்கிப்போய் அதைக் கண்டுபிடிச்சதா எழுதுங்கோ," என்றான்.

4.
முடிவு ஒன்று: டோர்ச் வெளிச்சத்தில் இரத்தத்தடம் பார்த்து நொயல் பள்ளத்தில்

முடிவு இரண்டு: விடியும்வரை காத்திருந்து

எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வரியில் அவனை அக்கரை சேர்த்துவிடுவேன். ரவையோடு புதருக்குள் கிடக்கும் மரைக்கு அந்த இரண்டு வரியால் ஒன்றும் ஆகாது. அதனால் நான் முடிக்கவில்லை.

உங்களுக்கு மனம் கேட்காவிட்டால் நீங்களே அவனை இறக்கிவிடுங்கள். ஆனால் அதை நொயலுக்கு வாசித்துக் காட்டாதீர்கள்.