சுவரில் இருசம்மாள்

எட்டடி உயரத்துக்கு ஒரு மீன்காரியின் உருவத்தைச் சுவரில் வரைந்தால் என்னென்ன ஆகும் என்று பவானி நிறையவே யோசித்து வைத்திருந்தாள். வெயிலில் வண்ணம் உரியலாம், எவனாவது மேலேயே போஸ்டர் ஒட்டலாம், மூக்கு கோணிக்கொள்ளலாம். ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் மாரடித்துக்கொண்டு வந்து இறங்குவார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை. யார்தான் யோசிப்பார்கள்!

2010இல் கடலூரின் பொதுச்சுவர்களில் ஓவியம் வரைய ஒரு திட்டம் வந்தது. போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டித் தோல் தடித்துப்போன சுவர்களைச் சுரண்டிவிட்டு, உள்ளூர் ஓவியர்களிடம் ஒப்படைத்தார்கள். சிதம்பரத்துப் பவானிக்கு முதுநகர் மீன் மார்க்கெட்டின் நீளமான வெளிச்சுவர் கிடைத்தது. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்ததிலிருந்து அவள் செய்ததெல்லாம் கல்யாண மண்டபத்துத் தெர்மாகோல் அன்னங்கள்தான். பந்தி முடிந்த கையோடு அவற்றையும் எச்சில் இலையோடு சேர்த்து வாரிவிடுவார்கள். கீழே தன் பேரை எழுதி, நாலு பேர் பார்க்க நிலைத்து நிற்கிற ஒரு படமாவது வரைந்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறியே இருந்தது. ஆசை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

திட்டத்தைக் கவனித்த பொறியாளர் உத்திராபதி நல்ல மனிதர்தான். ஆனால் புகார் என்றால் பத்தடி தள்ளி நிற்பார்.

"எல்லாரும் அருவி, மான், மயிலுன்னு கேக்குறாங்க. நீ மட்டும் மீன்காரம்மாவ வரையறேங்கற. சரி, வரைஞ்சு பாரும்மா. ஒரு புகார் வந்துச்சுன்னா போதும், சுண்ணாம்ப அடிச்சிட்டு அருவிதான். அதையும் வேற ஆளுகிட்ட குடுத்துருவேன்."

எதிர்ச்சுவரில் மயில் வரைந்துகொண்டிருந்த ஆரோக்கியராஜ் ஏணியிலிருந்தபடியே சிரித்தான். "மயிலு புகார் குடுக்காது பவானி. தோகைய விரிச்சமா, வீட்டுக்குப் போனமான்னு இருக்கலாம்."

வம்பு வரைவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. படத்துக்கு முகம் கொடுக்க மார்க்கெட்டில் ஒரு மீன்காரியும் சம்மதிக்கவில்லை. சுனாமி அலை அடித்து ஆறு வருஷம் ஆகியும் அவர்களுடைய தேவனாம்பட்டினத்து வீடுகளில் சுவரில் படம் என்றால் ஒரே அர்த்தம்தான். "செவுத்துல ஏத்தவா பாக்கற?" என்று முறைத்தார்கள். பவானிக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தபோது வெட்கமாகவும் இருந்தது.

இருசம்மாள் மட்டும் துணிந்தாள். அவள் குரல் எழுப்பினால் மார்க்கெட்டின் அந்தக் கோடியில் இருக்கும் பூனைகூட இடத்தை மாற்றிக்கொள்ளும். "என்னை வரை பாப்பா. அலைக்கே டேக்கா குடுத்தவ நான், உன் பெயிண்ட்டா என்னைக் கொண்டுபோவப் போவுது?" என்றாள். வஞ்சிரம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, வாய் நிறையக் கூவும் இருசம்மாளைப் பவானி வரைந்தாள். அப்படியே வந்துவிட்டது. சந்தோஷத்தில் கீழே கொட்டை எழுத்தில் 'இருசம்மாள், தேவனாம்பட்டினம்' என்று எழுதி, அதையொட்டிப் 'பவானி, 2010' என்றும் போட்டாள். பக்கத்தில் பூ விற்கிறவள் தன் கனகாம்பரச் சரத்தை வெயில் படாமல் படத்தையொட்டி இருந்த ஆணியில் மாட்டி வைத்தாள்.

போதாதா? இருசம்மாளின் தம்பி கலியமூர்த்தி கிள்ளையிலிருந்து ஏதோ கோர்ட்டு வேலையாக பஸ்ஸில் போனவன், ஜன்னல் வழியே பார்த்துவிட்டான். அக்காளின் முகம், அக்காளின் பேர், வருஷம், பூ. அக்காளோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் மகன் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேர் விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு முறுக்கிக்கொண்டு போனவன்தான், நல்லது கெட்டது எதற்கும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது சாவுக்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லையே என்று பஸ்ஸிலேயே உடைந்து அழுதிருக்கிறான்.

மறுநாள் காலை, பவானி ஏணியில் நின்று வஞ்சிரத்தின் வயிற்றுக்கு வெள்ளி பூசிக்கொண்டிருந்தபோது வேன் வந்து நின்றது. பொம்பளைகள் ஒப்பாரியோடு இறங்கினார்கள். முன்னால் கலியமூர்த்தி. கையில் ரோஜா மாலை, கக்கத்தில் செத்தவளுக்குப் போர்த்தப் பொறந்த வீட்டுக் கோடிப் புடவை.

"எக்கா! ஒத்த வார்த்தை பேசாம போயிட்டியே!" என்று சுவரில் முட்டிக்கொண்டான். கீழே வழிந்து ஈரமாக இருந்த வஞ்சிரத்தின் வெள்ளி அவன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"யாருடி செத்தது?" என்று கேட்டபடி மீன் வெட்டிய கையோடு மார்க்கெட்டுக்குள்ளிருந்து வந்தாள் இருசம்மாள்.

ஒப்பாரி அப்படியே நின்றது. ஒரு கிழவி கும்பிட்டே விட்டாள். கலியமூர்த்தி சுவரைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான், மறுபடியும் சுவரைப் பார்த்தான். அழுகை கோபமாகத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?

"உசுரோட இருக்கறவள செவுத்துல ஏத்தி, வருஷமும் போட்டு வச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா? அழிங்க மொதல்ல!"

கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டது. யாரோ போன் போட, உத்திராபதி வந்துவிட்டார். பின்னாலேயே இரண்டு ஆட்கள், சுண்ணாம்பு வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையுமாக. பவானி ஏணியிலிருந்து இறங்கிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அது நான் வரைஞ்ச வருஷம் சார். என் பேரையும் வருஷத்தையும் நானே அழிச்சுடறேன். மூஞ்சிய மட்டும் விட்டுடுங்க."

எந்தப் பேருக்காக இத்தனை நாள் தவித்தாளோ, அதைத் தானே துடைக்கிறேன் என்கிறாளே! ஆனால் அந்த முகம் போய்விடக் கூடாது. அது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது.

"நீ ஏன் அழிக்கணும்?" இருசம்மாள் குறுக்கே வந்தாள். தம்பியின் கக்கத்திலிருந்த புடவையை வெடுக்கென்று உருவினாள். "ஏண்டா கலியமூர்த்தி, இது கோடியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் நல்லா இருக்கச்சே ஒரு பொங்கலுக்கு சீர் கொண்டாந்தியா? செவுத்துல படத்தப் பாத்ததும் வேன் வச்சுகிட்டு ஓடியாற. இந்தப் பொண்ணு வரையலன்னா நீ என் வாசப்படிய மிதிச்சிருப்பியா? கோடின்னு எடுத்தத சீருன்னு குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து சாப்புட்டுப் போ!"

புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மீன் ரத்தம் பட்டதைப் பற்றிக் கவலையே படவில்லை. கலியமூர்த்தி கையிலிருந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான். ஆரோக்கியராஜ் இறங்கி வந்து அதை வாங்கிப் பவானியின் கழுத்தில் போட்டான். கூட்டம் சிரித்தது, யாரோ விசில் அடித்தார்கள்.

"அது இருக்கட்டும், புகார் உண்டா, இல்லியா?" என்றார் உத்திராபதி.

கலியமூர்த்தி மூக்கை உறிஞ்சினான். "புகாரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். எங்கக்காவுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி. இந்தம்மா ஒண்ணுதான் வச்சிருக்காங்க. இன்னொண்ணு வச்சாத் தேவல."

"வச்சுடறேன் மாமா," என்றாள் பவானி. கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சுண்ணாம்பு ஆள் வாளியைத் தூக்கினான். "அப்ப நாங்க கிளம்பவா சார்?"

உத்திராபதி பதில் சொல்வதற்குள், இதுவரை ஒதுங்கி நின்ற மீன்காரிகள் முன்னால் வந்துவிட்டார்கள். என்னையும் போடு, எனக்கு நண்டு, எனக்குச் சங்கரா என்று ஒரே கூச்சல். அருவி என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அவர் சுவரின் மிச்ச நீளத்தை ஒருமுறை பார்த்தார்.

"எதுக்குக் கிளம்பணும்? சுண்ணாம்பு கொண்டாந்தாச்சுல்ல? அந்தக் கோடி வரைக்கும் வெள்ளையடிங்க. அவுங்க வரையட்டும்."

மட்டை சுவரில் ஏறியது. எல்லாரையும் விலக்கிக்கொண்டு ரத்தினம்மாள் வந்தாள். முகம் கேட்டுப் போன அன்றைக்குப் பவானியைக் கண்டபடி திட்டி விரட்டியவள் இவள்தான். மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"எங்க வீட்டுச் செவுத்துல இருக்கறவங்க அத்தினி பேரும் போனவங்க. நான் இருக்கேன். போடு."