துணி கட்டிய குழாய்

துணி முதலில் உள்ளே ஒடுங்குகிறது, பிறகு மெல்ல உப்புகிறது, மறுபடி ஒடுங்குகிறது, குழாயின் வாயில் கட்டிய அந்த நீலத் துணியைப் பார்த்தபடி நான் குழிக்குள் குத்தவைத்திருக்கிறேன், மேலே உச்சி வெயில், கீழே ஈரச் சிமெண்டின் குளிர்ச்சி, காலிக் குடம் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, எனக்கு இப்போது எட்டு வயதா இருபத்தாறா என்று தெரியவில்லை, தண்ணீர் வரவில்லை, காற்றுதான் வருகிறது, எங்கள் தெருவில் தண்ணீருக்கு முன்னால் எப்போதும் காற்றுதான் வரும், பல நாள் வறண்டு கிடந்த குழாய்க்குள் எங்கோ தொலைவிலிருந்து புறப்பட்ட தண்ணீர் தன் முன்னால் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும், கீச்சென்று ஒரு சத்தம், பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு, குழாய் இழுக்குது என்பார்கள், அதைக் கேட்டதும் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடும். கோவில்பட்டித் தண்ணீருக்கு மேலே ஏறிவர வலுவில்லை, அதனால் நாங்கள்தான் அதைத் தேடிக் கீழே இறங்குவோம், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு ஒரு குழி, இறங்கப் படி, அடியில் ஒரு பித்தளைக் குழாய், தூசியும் புழுவும் குடத்தில் விழாமலிருக்க அதன் வாயில் ஒரு துண்டுத் துணி, எங்கள் குழாயில் கட்டியிருந்தது அம்மாவின் பழைய சேலைத் துணி, முடிச்சுப் போட்டது அம்மா. அவளுக்கும் இழுப்பு உண்டு, மூச்சிழுப்பு, பனிக்காலத்திலும் அவள் வேலைபார்த்த தீப்பெட்டி ஆபீஸில் மருந்து வாடை அதிகமான நாட்களிலும் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து அதே கீச்சு வரும், அதே நீளமான பெருமூச்சு, சின்ன வயதில் நான் அவள் இழுக்கும்போது குடத்தோடு குழிக்குள் இறங்கிவிடுவேன், குழாய் இழுக்கும்போது வெந்நீர் டம்ளரோடு அடுப்படிக்கு ஓடுவேன், அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பாள், ஏட்டி கோட்டிக்காரி, வெளிய இழுத்தா குடம், உள்ள இழுத்தா வெந்நி, இது கூடத் தெரியாமயா ஒன்னப் பெத்தேன் என்பாள், குடம் வெளியே, வெந்நீர் உள்ளே, குடம் வெளியே, வெந்நீர் உள்ளே, நான் அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

அப்பாவும் அந்தச் சத்தத்தோடுதான் அத்தனை வருடம் தூங்கி எழுந்தார், ஆனாலும் ஒரு மத்தியானம் அவர் அதைத் தப்பாகக் கேட்டுவிட்டார். நான் கோயம்புத்தூரில் வேலையிலிருந்தேன், அதனால் அதை நான் பார்க்கவில்லை, ஆனால் பார்த்ததாகத்தான் நினைவிருக்கிறது, பங்குனி வெயில், ஊரெல்லாம் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிறது, அப்பா வாசல் நடையில் கண்ணயர்ந்திருக்கிறார், கீச்சென்று சத்தம் கேட்கிறது, அவர் வாரிச் சுருட்டி எழுந்து குடத்தோடு குழிக்குள் குதிக்கிறார், குழாயைத் திறக்கிறார், சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, குழாயில் ஒரு சொட்டு இல்லை, அவர் குடத்தின் கழுத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார், கோபம் வருகிறது, குழாயைப் பார்த்துச் சொல்கிறார், வாரதுன்னா வா, ஏன் இப்படி இழுத்துக்கிட்டே கெடக்க. பிறகு சத்தம் நின்றுவிட்டது. தண்ணீர் பாதி வழியில் திரும்பிவிட்டது என்று நினைத்து அவர் மேலே ஏறி வந்தார், அடுப்படியில் அம்மா சுவரில் சாய்ந்தபடி இருந்தாள், கை வெந்நீர்ப் பானையை நோக்கி நீண்டிருந்தது. கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரே ஒருமுறை இதை என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவருக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது, குழாய் இழுத்தால் அவர் குடத்தை எடுப்பதில்லை, வெந்நீர் டம்ளரோடு அடுப்படிக்கு ஓடுகிறார், அம்மா சாய்ந்திருந்த வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, குடி செம்பகம், ஒரு மடக்கு குடி என்கிறார், வெளியே தண்ணீர் வந்து குழி நிறைந்து தெருவில் வழிகிறது, அந்தக் குழாய் மூடினாலும் மூடாது, உள்ளே எல்லாம் தேய்ந்துபோயிற்று, அதனால்தான் அந்தச் சத்தமும் ஊரில் வேறு எந்தக் குழாயிலும் இல்லாத அளவுக்கு நீளமாக வரும். நான் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கிய அன்றே எதிர்வீட்டுக் கோமதி சித்தி பையைக்கூட இறக்கவிடாமல் பிடித்துக்கொண்டாள், ஒங்கப்பா வாசல்ல தெப்பத் திருவிழால்லா நடத்துதாரு, செம்பகவல்லி அம்மனைக் கூட்டிட்டு வந்து சுத்தவிட வேண்டியதுதான் பாக்கி என்றாள், சிரித்தாள், பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, கீழ்வரிசை வீடுகளுக்கு ஒரு குடம்கூடக் கிடைக்கவில்லை என்றும், தெருக்காரர்கள் கூடிப் பேசிவிட்டார்கள், இன்னொருமுறை வழிந்தால் இணைப்பை வெட்டச் சொல்லிவிடுவார்கள் என்றும் சொன்னாள், குழாயை மாத்திரு தாயி, பாவம் அந்த மனுசன், இந்த வீட்ட விட்டு அவர எங்க கொண்டுபோவ என்றாள். எங்கும் கொண்டுபோக முடியாது, கேட்டுப் பார்த்திருக்கிறேன், கோயம்புத்தூருக்கு வாங்கப்பா, அங்கே தண்ணீர் மாடிக்கே வரும் என்று சொன்னால், சத்தம் போட்டுக்கிட்டு வருமா என்று கேட்பார், வராது என்றால், பிறகு எப்படி அது வந்தது தெரியும் என்பார். குழாயை மாற்றாவிட்டால் வீடு வறண்டுவிடும், மாற்றினால் அப்பா என்ன ஆவார் என்று தெரியவில்லை, அந்த வாரம் முழுவதும் நான் நடையில் உட்கார்ந்து ஒரு தடித்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன், அதில் பக்கத்துக்குப் பக்கம் பனி பெய்துகொண்டிருந்தது, ஆட்கள் பனியை அள்ளி உருக்கிக் குடித்தார்கள், நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் அப்பா குழியின் விளிம்பில் உட்கார்ந்து துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளம்பர் சூசை அண்ணன் ஒரு காலைப்பொழுதில் வந்தார், குழிக்குள் இறங்கிக் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, தங்கச்சி, இது பல்லு போன கெழவன் வாயி மாதிரி, எவ்வளவு மூடினாலும் ஒழுகும், வாசர் மாத்திப் பிரயோசனமில்ல, முழுசாக் கழட்டிரணும் என்றார். பைப் ரெஞ்சு பித்தளையைக் கவ்வியபோதுதான் அப்பா எழுந்து வந்து படியில் நின்றார், என்னைப் பார்த்து மெதுவாக, அதையும் அடச்சிட்டா அவ எது வழியா மூச்சு விடுவா என்றார். சூசை அண்ணன் தலை குனிந்துகொண்டார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், தெருவைப் பற்றிச் சொன்னேன், கீழ்வரிசை வீடுகளைப் பற்றி, கோமதி சித்தியின் வெறும் குடங்களைப் பற்றிச் சொன்னேன், அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், அவர் நியாயமான மனிதர், எப்போதுமே, கடைசியில், சரி, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்து என்றார். பழைய குழாய் கழன்று வந்தது, துணியை அவிழ்க்காமல் முடிச்சோடு உருவி எடுத்தேன், மண் விழாமலிருக்கத் திறந்த பைப்பின் வாயில் அதையே மூடிப் பிடித்தேன், சூசை அண்ணன் புதுக் குழாயின் மரையில் வெள்ளை டேப் சுற்றிக்கொண்டிருந்தார், அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வேறு வழி தெரியவில்லை, நான் குனிந்து அந்த இருட்டு வட்டத்துக்குள், அம்மா, மாத்தட்டுமா என்று கேட்டேன். துணி உப்பவில்லை, உள்ளே போயிற்று, பேசுவதற்கு முன்னால் ஒருவர் மூச்சை இழுப்பாரே, அப்படி என் விரல்களுக்கு நடுவிலிருந்து துணி முழுதாக உள்ளே போயிற்று, முடிச்சும் போயிற்று, பிறகு எதுவுமில்லை, இழுத்த மூச்சை யாரோ விடாமல் வைத்துக்கொண்டதுபோல ஒரு அமைதி. மேல்தெருவில் எவனோ மோட்டார் போட்டு உறியுதான், அதான் என்றார் சூசை அண்ணன், சொல்லிக்கொண்டே அவசரமாகப் புதுக் குழாயைத் திருகி இறுக்கினார், அவர் கையில் மயிர் சிலிர்த்திருந்ததைப் பார்த்தேன்.

புதுக் குழாய் பளபளவென்று இருந்தது, ஒழுகவில்லை, இழுக்கவுமில்லை. தண்ணீர் வந்ததை நாங்கள் அடுத்த வீட்டுச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டோம், கோமதி சித்தி கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டாள், அப்பா சாப்பிட்டார், குழியின் விளிம்பில் உட்காரவில்லை, அடுப்படிக்கு ஓடவில்லை, அதிகம் தூங்கினார், நான் அவர் தேறிவிட்டார் என்று நினைத்தேன், வீடு மட்டும் வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்தது, அதன் சுவர்கள் கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி, அல்லது அதை நான் கனவில்தான் கண்டேனோ என்னவோ. பிறகு அந்த மத்தியானம் வருகிறது, நாவலில் பனி பெய்துகொண்டிருக்கிறது, ஒரு கிழவன் உறைந்த ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறான், கீச்சென்று சத்தம், பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு, நான் புத்தகத்தைப் போட்டுவிட்டுக் குடத்தோடு குழிக்குள் குதிக்கிறேன், புதுக் குழாயைத் திறக்கிறேன், சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, குழாயில் ஒரு சொட்டு இல்லை, நான் குடத்தின் கழுத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன், பொறுமை போகிறது, நான் சொல்கிறேன், வாரதுன்னா வா. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகள் யாருடையவை என்று என் காதில் விழுகிறது. குழாயின் வாயில் என் உள்ளங்கையை வைக்கிறேன், காற்று இல்லை, அங்கே எதுவுமே இல்லை, சத்தம் என் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து வருகிறது.

குடத்தோடுதான் ஓடியிருக்கிறேன், அடுப்படிக்குப் போய் நின்ற பிறகும் அது என் இடுப்பில் இருந்தது. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வாழ்நாளில் ஒருநாளும் இழுப்பு வராத மனிதர், அவர் நெஞ்சுக்குள்ளிருந்து அந்தக் கீச்சு வந்துகொண்டிருந்தது, கை வெந்நீர்ப் பானையை நோக்கி நீண்டிருந்தது, பாதி தூரம்தான் போயிருந்தது. நான் வெந்நீரை ஊற்றி வாயில் வைத்தேன், முதுகைத் தேய்த்தேன், அம்மாவின் தைலக் குப்பி இருந்த இடத்திலேயே இருந்தது, அதை நெஞ்சில் தடவினேன், மடக்கு மடக்காகக் குடித்தார், கீச்சு நீண்டு, தேய்ந்து, மெல்ல மெல்லச் சாதாரண மூச்சாக மாறியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், என் இடுப்புக் குடத்தைப் பார்த்தார், தண்ணி வந்துட்டா என்றார். இல்லப்பா, நீங்கதான் இழுத்தீங்க என்றேன். அவர், நீ வந்துட்ட என்றார், அவளுக்கு ஒருத்தரும் வரல, நீ வந்துட்ட என்றார், அழுதார், நான் பார்த்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை. பிற்பாடு டாக்டர், வயதான காலத்தில் சிலருக்கு இப்படித் தொடங்கும் என்று மருந்து எழுதிக்கொடுத்தார், ஆனால் அது பிற்பாடு, அப்போது நாங்கள் இருவரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தோம், வெளியே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நான் திறந்தபடி விட்டுவந்த குழாயில் முன்னால் காற்றில்லாமல், கூப்பிடாமல், தண்ணீர் தானாக வந்திருந்தது. எதிர்வீட்டிலிருந்து, ஏட்டி, திரும்பவும் தெப்பமா என்று கோமதி சித்தி சத்தம் கொடுத்தாள், நான் போய்ப் பார்த்தேன், புதுக் குழாயின் வாயிலிருந்து ஒரு நீலத் துணி பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, இழுத்தேன், முடிச்சு அவிழாமல் கைக்கு வந்தது, தண்ணீருக்குள்ளிருந்து வந்த துணியில் தைல வாடை அடித்தது, அது என் கையிலிருந்த தைலமாகவும் இருக்கலாம்.

கோயம்புத்தூருக்கு நான் திரும்பவில்லை. குழாயைக் கால் திருகு திறந்தே வைக்கிறேன், வாயில் அந்தத் துணியைக் கட்டியிருக்கிறேன், கீழே குடம் இருக்கிறது, மேல்படியில் வெந்நீர்ப் பிளாஸ்க் இருக்கிறது, தெருவில் ஒரு சொட்டு வழிவதில்லை, இனி எது இழுத்தாலும் ஒன்று கைக்கு எட்டும். உச்சி வெயிலில் குழிக்குள் குத்தவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், உள்ளே அப்பா தூங்குகிறார், அவர் மூச்சு ஒன்று, பிறகு குழாயின் மூச்சு ஒன்று, மாற்றி மாற்றி, ஒருவரை ஒருவர் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, சில சமயம் இரண்டும் ஒன்றாக நிற்கும், அப்போது மூன்றாவதாக ஒன்று கேட்கும், மிகப் பக்கத்தில், அது என்னுடையதுதானா என்று பார்க்க நான் என் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், துணி முதலில் உள்ளே ஒடுங்குகிறது, பிறகு மெல்ல உப்புகிறது.