பலகையின் பின்பக்கம்

என் மனைவி கோபமாக இருக்கிறாளா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. எனக்கு மரியாதை கொடுப்பாள். சாதாரண நாளில் "எங்கடா வச்ச என் கிளவுஸை?" என்பவள், கோபம் வந்தால் "நீங்க எங்க வச்சீங்க?" என்பாள். போன வருஷத்துக் கடைசிப் பந்தயத்திலிருந்து நான் "நீங்க" ஆகிவிட்டேன். முழுசாகப் பன்னிரண்டு மாதம்.

அவள் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரி. நான் அவளுடைய மெக்கானிக். அணியில் மூன்றாவது ஆள் என் மாமனார். தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவர், இப்போது கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கிறார். நாலாவது ஆள் கிடையாது. டீ வேண்டுமென்றால் நாங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

போன வருஷமும் இதே மைதானம், இதே மழை. எங்கள் பந்தயத்தில் ஓட்டுகிறவர் காதில் யாரும் பேச முடியாது, அதற்கு அனுமதி இல்லை. சுவரோரம் நின்று பலகையைத் தூக்கிக் காட்ட வேண்டும், மணிக்கு இருநூறில் போகிறவர் அரை நொடியில் படிக்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. மழை நின்றதும் நான் பலகையில் "உள்ளே வா" என்று காட்டினேன். வந்தாள். மழை டயர் வண்டியை விட்டு இறங்கி, காய்ந்த தரைக்கான மொட்டை டயர் போட்டுத் தயாராக இருந்த இரண்டாவது வண்டியில் ஏறினாள். தரை இன்னும் காயவில்லை. முதல் வளைவிலேயே வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தோள்பட்டை எலும்பும் போயிற்று, சாம்பியன்ஷிப்பும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வானம் ஏமாத்திடுச்சு" என்றேன். அதோடு நிற்கவில்லை. தார் சரியில்லை, டயர் சரியில்லை, வெயில் வருகிற மாதிரி இருந்தது என்று பட்டியல் போட்டேன். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத வம்சம் எங்களுடையது. விழுந்தது அவள் என்பதுதான் வித்தியாசம். அவள் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வாயில் வரவில்லை.

இந்த வருஷம் சட்டம் போட்டுவிட்டாள். "போர்டுல நம்பர் மட்டும் காட்டுங்க. எத்தனையாவது இடம், எவ்வளவு நொடி, எத்தனை சுத்து பாக்கி. உள்ள வர்றதை நான் முடிவு பண்ணிக்கிறேன். வர்றதா இருந்தா இடது காலை நீட்டுவேன். நீங்க ஒண்ணும் எழுத வேணாம்."

"சரி" என்றேன். வேறென்ன சொல்ல?

இந்தக் கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது அவளுக்கும் வெட்டுக்கிளிக்கும் இரண்டே புள்ளி இடைவெளி. வெட்டுக்கிளி என்பது பக்கத்து ஷெட்காரன். காலை மடக்கி வண்டியில் உட்கார்ந்தால் அப்படியேதான் இருப்பான், அவன் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுவாள். இவள் அவனுக்கு முன்னால் முடித்தால் கோப்பை எங்களுக்கு. பின்னால் முடித்தால் அவனுக்கு. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

காலையிலிருந்து மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் ஷெட்டின் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. இரண்டாவது வண்டியின் மேல் தார்ப்பாய் போட்டு மூடினேன். அதன் மொட்டை டயர்களுக்கு உறை மாட்டி, கரண்ட் கொடுத்து, சூடேற்றிக்கொண்டிருந்தேன். மொட்டை டயர் சூடாக இருந்தால்தான் தரையைப் பிடிக்கும். ஆறிப்போனால் சோப்புக் கட்டிதான். மாமா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மகளுடைய மாற்றுக் கிளவுஸுக்குள் ஹேர் டிரையரை விட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒயர் நடைபாதையில் குறுக்கே கிடந்தது. எனக்கு ஒயர் குறுக்கே கிடந்தால் பிடிக்காது. எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

பதினெட்டுச் சுற்று. விளக்கு அணைந்ததும் கிளம்பினார்கள். மழையில் என் மனைவி ஓட்டுவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் முட்டைக்கூடையைத் தூக்கிக்கொண்டு போவது போல் போக, இவள் மட்டும் கடைக்கு அவசரமாகக் கிளம்பியவள் மாதிரி போனாள். இரண்டாவது சுற்றிலேயே முதலிடம். வெட்டுக்கிளி மூன்று நொடி பின்னால்.

ஆறாவது சுற்றில் மழை நின்றது. ஏழாவதில் வண்டிகள் போகிற தடம் மட்டும் வெளுக்க ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் தார்ப்பாயை விலக்கினேன்.

உறையில் சிவப்பு விளக்கு எரியவில்லை. உள்ளே கையை விட்டேன். டயர் ஜில்லென்று இருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த லைனின் டிரிப் சுவிட்ச் விழுந்து கிடந்தது. ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் பெட்டியில், டயர் உறைகளின் பிளக்குகளுக்குப் பக்கத்தில், ஹேர் டிரையரின் பிளக் சொருகியிருந்தது. அது இழுக்கிற கரண்டை அந்த லைன் தாங்கவில்லை.

"மாமா! உங்களுக்கு அறிவு இருக்கா? இதுல போய் யாராவது டிரையரைச் சொருகுவாங்களா? கிளவுஸ் காயணும்னு பொண்ணோட கோப்பையையே காயப்போட்டுட்டீங்களே!"

மாமா நிதானமாக எழுந்தார். முப்பது வருஷம் கவுண்ட்டரில் கத்துகிறவர்களைப் பார்த்தவர்.

"மாப்பிள்ளை, நான் கதவுகிட்ட இருக்கிற சுவர் பிளக்லதான் சொருகினேன். பாதி காயறப்ப நின்னு போச்சு. வேலையா இருக்கீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஒயர் குறுக்க கிடக்குன்னு பிடுங்கி மாத்தினது நீங்கதான்."

நான்தான். ஒழுங்குக்குப் பிறந்த நான். கிட்டே இருந்த பெட்டியில் சொருகிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டிரையரைப் பிடுங்கிப் போட்டு, சுவிட்சைத் தூக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் டயர் சூடேற இன்னும் கால் மணி நேரம் ஆகும். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிஷம். அதற்குள் பந்தயம் ஏறக்குறைய முடிந்துவிடும்.

வெளியே ஓடினேன். எட்டாவது சுற்று முடிந்து சுவரைத் தாண்டிப் போனாள். போகும்போதே இடது கால் நீண்டது.

அடுத்த சுற்றில் உள்ளே வருகிறாள். ஆறிப்போன டயரில் ஏறப் போகிறாள். போன வருஷத்து வளைவு அங்கேயே காத்துக்கொண்டிருந்தது.

இரண்டு நிமிஷம் இருந்தது. "வராதே" என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? சட்டத்தை மீறிவிட்டான், மறுபடியும் நாட்டாமை பண்ணுகிறான் என்று நினைப்பாள். நான் கிழக்கு என்றால் அவள் மேற்குக்குக் கிளம்புகிறவள், அதிலும் இந்த ஒரு வருஷமாக. வேண்டுமென்றே உள்ளே வருவாள். அவள் நம்ப வேண்டும். அவள் நம்புகிற மாதிரி என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

பலகையை ஷெட் வாசலுக்குத் தூக்கி வந்து திருப்பினேன். முன்பக்கம் எண்கள் சொருகும் இடம், பின்பக்கம் வெறும் கறுப்புத் தகரம். வெள்ளை இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து ஒட்டினேன். ஒட்டவில்லை, தகரம் முழுக்க ஈரம். சட்டையால் துடைத்தேன், சட்டையும் ஈரம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்தில் சூடான காற்று அடித்தது. மாமா டிரையரைப் பழையபடி சுவர் பிளக்கில் சொருகி, பலகையின் மேல் காட்டிக்கொண்டிருந்தார். தகரம் காயக் காய நான் எழுத்தாக ஒட்டிக்கொண்டே வந்தேன். மேல் வரியைப் படித்தபோது மட்டும் அவர் புருவம் நெற்றிக்கு ஏறியது.

தூக்கிக்கொண்டு ஓடி, சுவருக்கு வெளியே நீட்டினேன்.

என் தப்பு
வராதே

அவள் வந்துகொண்டிருந்தாள். உள்ளே திரும்புகிற பாதைக்காக வண்டி ஏற்கெனவே ஓரம் கட்டியிருந்தது. ஹெல்மெட் என் பக்கம் திரும்பியது. ஒரு கணம் வண்டி லேசாக ஆடியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஆடியது. பிறகு நிமிர்ந்து, பாதையை விட்டு விலகி, நேராகப் போய்விட்டது.

"நம்பிட்டா" என்றார் மாமா.

அதே சுற்றில் வெட்டுக்கிளி உள்ளே வந்து வண்டி மாற்றினான். அதில் அவனுக்கு இருபத்தெட்டு நொடி போயிற்று. எங்களுக்கு இடைவெளி முப்பத்தொன்று. ஆனால் காய்கிற தரையில் மழை டயர் வெந்து பிய்ந்துவிடும். மொட்டை டயரோ பறக்கும். சுற்றுக்கு நாலு நொடி தின்றான்.

அப்போதுதான் என் மனைவி செய்ததைப் பார்த்தேன். எல்லாரும் காய்ந்த தடத்தில் போக, இவள் நேர்ப்பாதையில் வேண்டுமென்றே ஓரத்துக்கு நகர்ந்து, தேங்கிய தண்ணீரில் ஓட்டினாள். டயரைக் குளிப்பாட்டுகிறாள்! வளைவில் சூடாக்குவாள், நேர்ப்பாதையில் நனைப்பாள். ஒவ்வொரு சுற்றும் எந்த ஓரத்தில் எவ்வளவு தண்ணீர் பாக்கி இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு ஓட்டினாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நான் எண்களை மட்டும் காட்டினேன். பன்னிரண்டாவது சுற்றில் பத்தொன்பது நொடி.

பதின்மூன்றில் தூறல் போட்டது. இரண்டே சுற்று. மொட்டை டயர்க்காரர்கள் எல்லாரும் முட்டைக்கூடையை மறுபடி தூக்கிக்கொண்டார்கள். இடைவெளி இருபத்து நாலானது. வானத்தைப் போன வருஷம் திட்டியதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

தூறல் நின்றது. வெட்டுக்கிளி பாய்ந்தான். பதினெட்டு. பன்னிரண்டு. ஆறு. அந்த எண்ணை நான் பலகையில் சொருகியபோது விரல் வழுக்கி இரண்டு தடவை கீழே விழுந்தது. கடைசிச் சுற்று. ஓரத்துத் தண்ணீர் எல்லாம் காய்ந்துவிட்டது. அவளுடைய பின் டயரிலிருந்து ரப்பர் துண்டு துண்டாகப் பறப்பது இங்கிருந்தே தெரிந்தது. மாமா ஸ்டாப்வாட்ச்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி வளைவில் இரண்டு வண்டியும் ஒன்றாகத் தெரிந்தன. அவன் வெளிப்பக்கம் வந்தான். இவள் உள்பக்கத்தை விடவில்லை. பின்சக்கரம் வழுக்கியது, காலை ஊன்றாத குறை, வண்டியை நிமிர்த்தி முறுக்கினாள். கோட்டைத் தாண்டும்போது முன்சக்கரம் ஒன்று முன்னால் இருந்தது. அது எங்கள் சக்கரம்.

நான் கத்திய கத்தில் பக்கத்து ஷெட்காரர்கள் ஏதோ விபத்து என்று ஓடி வந்தார்கள். மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மழை நின்றுவிட்டதால் மழைத்தண்ணீர் என்று சமாளிக்கவும் வழியில்லை.

வண்டியை உள்ளே கொண்டு வந்தாள். பின் டயர் எலி கடித்த ரொட்டியாக இருந்தது. வெட்டுக்கிளி வந்து கை கொடுத்து, "தண்ணியைத் தேடித் தேடிப் போனியே, வாத்தா நீ?" என்றான். சிரித்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் கோப்பையைப் பற்றிக் கேட்கவில்லை.

"போர்டு எங்க?"

கொடுத்தேன். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். டேப் இரண்டு இடத்தில் உரிந்திருந்தது.

"டிரையரை நான்தான் மாத்திச் சொருகினேன். டயர் ஆறிப் போச்சு. மாமா மேல பழி போட்டேன், அதுவும் தப்பு" என்றேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"இது இன்னைக்குத் தப்புக்கு மட்டுமா?"

"இல்ல. போன வருஷத்துக்கும். அன்னைக்கு வானம் ஒண்ணும் பண்ணல. நான் அவசரப்பட்டேன். உன் எலும்பு என்னாலதான் உடைஞ்சது. அங்கேயே சொல்லியிருக்கணும்."

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு ஈரக் கிளவுஸோடு என் தலையில் ஓங்கி ஒரு தட்டு. "பன்னெண்டு மாசம்டா. இதைச் சொல்ல உனக்குப் பன்னெண்டு மாசமா?"

அந்த "டா"வைக் கேட்டதும் எனக்குக் கோப்பை கிடைத்துவிட்டது.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். போகிற வழியில் கிளவுஸைக் கழற்றிவிட்டு, நகத்தால் கீழ் வரியை உரித்துக்கொண்டே போனாள்.

"அதை எதுக்கு எடுத்துட்டுப் போற? ஊரே பார்க்குமே!"

"பார்க்கட்டும். அப்புறம் ஹால்ல மாட்டணும். அப்பா, ஆணி இருக்கா வீட்ல?"

"ரெண்டு இருக்கும்மா" என்றார் என் மாமனார், ரொம்ப சந்தோஷமாக.

உயரமான படியில் ஏறி நின்றாள். கோப்பையை ஒரு கையில் தூக்கினாள். இன்னொரு கையில் பலகையைத் தூக்கினாள். மைக் பிடித்திருந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தார்: "என் தப்பு." கூட்டம் சிரித்து, கைதட்டியது. எல்லாரையும் விட பலமாகத் தட்டியது நான்தான்.